தசை எங்கே ஒட்டுகிறது, எங்கிருந்து இழுக்கிறது?

மாறுகண் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் நான்கு எண்களை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். 5.5, 6.5, 6.9, 7.7. எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. விழிக்கோளத்தின் வெள்ளைச் சுவரில் நான்கு நேர்த்தசைகளும் கருவிழி விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி ஒட்டியிருக்கின்றன என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. மூக்குப் பக்கத் தசைதான் விளிம்புக்கு மிக அருகே ஒட்டுகிறது. அடுத்து கீழ்த்தசை, அதற்கும் அப்பால் காதுப் பக்கத் தசை, எல்லாவற்றையும்விடத் தள்ளி மேல்தசை. நான்கு இடங்களையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு சுருள் வரும். பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் தில்லோவின் பெயரால் அதை இன்றும் தில்லோ சுருள் என்றே அழைக்கிறார்கள்.

அளவுகோலை வைத்து எடுத்த இந்த எண்களில் பிழை எதுவும் இல்லை. அவற்றின்மேல் கட்டப்பட்ட ஓர் எண்ணத்தில்தான் பிழை இருந்தது. ஒரு தசை எலும்பில் எங்கே தொடங்குகிறது, கண்ணில் எங்கே ஒட்டுகிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், அது கண்ணை எந்தத் திசையில் இழுக்கும் என்பதும் தெரிந்துவிடும் என்று நீண்ட காலம் நம்பினார்கள். உயிருள்ள மனிதர் விழித்திருந்து, ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவருடைய தசைகளைப் படமெடுக்க முடிந்த பிறகுதான் அந்த நம்பிக்கை உடைந்தது. கண் மருத்துவத்தில் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்த மிக அழகான திருத்தம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அவற்றில் நான்கு நேர்த்தசைகள், இரண்டு சாய்தசைகள். நேர்த்தசைகள் நான்கும் விழிக்குழியின் அடி ஆழத்தில், பார்வை நரம்பைச் சுற்றியுள்ள ஒரு நார் வளையத்தில் தொடங்குகின்றன. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பேராசிரியராக இருந்த யோகான் சின் 1755-ல் வெளியிட்ட கண் உடற்கூற்று நூலால் அந்த வளையத்துக்கு அவர் பெயர் நிலைத்தது. நம் வீட்டுத் தோட்டங்களில் பூக்கும் சின்னியாவும் அவர் பெயரைத்தான் சுமக்கிறது. வளையத்திலிருந்து கிளம்பும் நேர்த்தசைகள் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் முன்னோக்கி ஓடி, 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள விழிக்கோளத்தின் முன்பகுதியில் ஒட்டுகின்றன.

மேல் சாய்தசையின் போக்கு வேறு. அதுவும் ஆழத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் மூக்கை ஒட்டிய மேல்மூலையில் ஒரு குருத்தெலும்புக் கப்பியின் வழியாக நுழைந்து, சட்டென்று பின்னோக்கித் திரும்பி விழிக்கோளத்தின் மேல் படிகிறது. இத்தாலியின் கபிரியேலே ஃபலோப்பியோ 1561-ல் இதைத் தெளிவாக விவரித்தார். அவருக்கு முன்னர் வெசாலியுஸ் 1543-ல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், கண்ணைப் பின்னுக்கு இழுக்கும் ஒரு தசை மனிதருக்கும் உண்டு என்று எழுதியிருந்தார். அது மாடு போன்ற விலங்குகளில் இருப்பது, நமக்கு இல்லை. ஃபலோப்பியோ அதையும் திருத்தினார். அறுத்துப் பார்த்து எழுதிய பெரியவர்களையும் கண்ணின் தசைகள் இப்படி ஏமாற்றியிருக்கின்றன.

அறுத்துப் பார்ப்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. விழிக்குழி முழுவதும் கொழுப்பு நிரம்பியிருக்கும். அதனூடே மெல்லிய இணைப்புத் திசு இழைகள் வலைபோல் ஓடும். தசையைத் தெளிவாகக் காண வேண்டுமானால் கொழுப்பையும் இழைகளையும் சுரண்டி எடுக்க வேண்டும். எடுத்தபின் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் ஆறு தசைகளும் பளிச்சென்று தெரியும். ஆனால் அந்தத் தசைகளை அவற்றின் இடத்தில் பிடித்துவைத்திருந்தது எதுவோ, அது குப்பையோடு போயிருக்கும். பிரெஞ்சு மருத்துவர் ழாக் தெனோன் 1806-லேயே தசைகளிலிருந்து விழிக்குழிச் சுவருக்குப் போகும் நார்க்கற்றைகளைக் கண்டு எழுதிவைத்தார். விழிக்கோளத்தைச் சூழ்ந்த உறைக்கு அவர் பெயர் நிலைத்தது. கற்றைகளைப் பற்றி அவர் எழுதியதைப் பின்னால் வந்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கற்றைகளை விட்டுவிட்டால் என்ன ஆகும்? காதுப் பக்க நேர்த்தசையை எடுத்துக்கொள்வோம். கண்ணை வெளிப்புறமாகத் திருப்புவது அதன் வேலை. இப்போது கண் மேலே பார்க்கிறது என்றால், தசை ஒட்டியிருக்கும் இடமும் கோளத்தோடு சேர்ந்து மேலே போகும். இறுக்கிய நாடா பந்தின்மேல் மிகக் குறுகிய வழியில்தான் படியும் என்பதால், தசையும் மேல்பக்கமாக வழுக்கிப் போக வேண்டும். அப்படி வழுக்கினால் பக்கவாட்டில் இழுக்க வேண்டிய தசை, கண்ணை இன்னும் மேலே தூக்கும் தசையாகப் பாதி மாறிவிடும். பார்வை மாறும் ஒவ்வொரு முறையும் ஆறு தசைகளின் வேலைப் பங்கீடும் மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராபின்சன் 1975-ல் ஆறு தசைகளின் இயக்கத்தையும் கணிதமாக வடித்தபோது இந்தச் சிக்கல் அவர் முன் நின்றது. தசை பக்கவாட்டில் வழுக்காமல் ஏதோ ஒன்று தடுக்கிறது என்று வைத்துக்கொண்டால்தான் கணக்கு நேரானது. அந்த ஏதோ ஒன்று எது என்பதைச் சொல்ல அப்போது வழியில்லை.

சி.டி. ஸ்கேன் 1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. விழிக்குழிக் கொழுப்பு இங்கே உதவிக்கு வந்தது. எக்ஸ் கதிரில் கொழுப்பு கறுப்பாகவும் தசை வெளிறியும் தெரியும் என்பதால், சாயம் எதுவும் ஏற்றாமலே தசையின் ஓரங்கள் துலக்கமாக விழுந்தன. 1985-ல் சிமோன்ஸ் என்ற கண் மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும், வெவ்வேறு திசைகளைப் பார்க்கும் கண்களை சி.டி.யில் எடுத்து, தசைகளின் நடுப்பகுதி எதிர்பார்த்த அளவு வழுக்கவே இல்லை என்று காட்டினார்கள். ஆனால் கதிர்வீச்சு கண்வில்லைக்கு நல்லதல்ல. ஆரோக்கியமான ஒருவரை மேலே, கீழே, இடம், வலம் பார்க்கச் சொல்லித் திரும்பத் திரும்ப சி.டி. எடுக்க முடியாது.

எம்.ஆர்.ஐ. வந்ததும் அந்தத் தடை நீங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் ஜோயல் மில்லரும், லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவ நிறுவனத்தில் ஜோசப் டெமரும் இந்த வேலையை முன்னெடுத்தார்கள். படமெடுக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கண்டுபிடிப்பின் பாதி அதில்தான் இருக்கிறது. வழக்கமாகத் தலைக்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் கண்தசை ஒரு மங்கலான பொட்டாகத்தான் தெரியும். அதனால் முகத்தின்மேலேயே, கண்ணுக்கு மிக அருகில், சிறிய சுருள்களை வைத்துச் சமிக்ஞையைப் பிடித்தார்கள். 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள துண்டங்கள். ஒவ்வொரு படப்புள்ளியும் ஒரு மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. விழிக்குழியின் அச்சு நேர் முன்னே போவதில்லை. இரு குழிகளின் உட்சுவர்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓட, வெளிச்சுவர்கள் விரிந்துகொண்டே போவதால் ஒவ்வொரு குழியும் ஏறத்தாழ 23 பாகை வெளிப்புறம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுக்குச் செங்குத்தாகத் துண்டம் போட்டால்தான் தசையின் வெட்டுமுகம் உள்ளபடி கிடைக்கும். நேர்க்குறுக்காகப் போட்டால் தசை உள்ளதைவிடத் தடித்துத் தெரியும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான பங்கு படுத்திருப்பவருடையது. கண்ணெதிரே ஒளியிழை முனையில் ஒரு சிறு வெளிச்சம் மினுங்கும். இயந்திரம் தடதடக்க, பார்வை நகராமல் சில நிமிடங்கள் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இமைக்கலாம், பார்வை அலையக் கூடாது. பிறகு வெளிச்சத்தை இடம் மாற்றி மறுபடியும் அதே வேலை. இப்படிப் பொறுமையாகக் கிடந்த தன்னார்வலர்கள், நோயாளிகள் பலரின் ஒத்துழைப்பால்தான் இன்று நமக்கு உயிருள்ள கண்தசையின் இயக்கம் தெரிகிறது.

1989-ல் மில்லர் வெளியிட்ட எம்.ஆர்.ஐ. அளவீடுகள் சி.டி. சொன்னதை உறுதிப்படுத்தின. தசையின் முன்முனை கண்ணோடு போகிறது. பின்பகுதி அசையாமல் இருக்கிறது. 1993-ல் வந்த சான்று இன்னும் வலுவானது. ஒரு தசை செயலிழந்தவர்களுக்கு, பக்கத்துத் தசைகளின் ஒட்டுமிடத்தை வெட்டி, செயலிழந்த தசையின் ஓரமாக இடம் மாற்றித் தைப்பது உண்டு. அத்தகைய சிகிச்சை முடிந்தவர்களை ஸ்கேனில் பார்த்தபோது, முன்முனையைப் பல மில்லிமீட்டர் நகர்த்தித் தைத்திருந்தும் தசையின் நடுவயிறு ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருந்தது. கண்ணின் நடுச்சுற்றுக்கு அருகே ஏதோ ஒன்று தசையைப் பிடித்திருக்கிறது என்பதில் இதற்குமேல் ஐயமில்லை.

அது எது என்பதை 1995-ல் டெமர் குழு நுண்ணோக்கியில் காட்டியது. ஒவ்வொரு நேர்த்தசையையும் சுற்றி, விழிக்கோளத்தின் நடுச்சுற்றுக்குச் சற்றுப் பின்னால், கொலாஜனும் எலாஸ்டினும் மென்தசை இழைகளும் சேர்ந்த ஒரு வளையம் இருக்கிறது. வளையங்கள் ஒன்றோடொன்றும் விழிக்குழிச் சுவரோடும் பட்டைகளால் இணைந்திருக்கின்றன. இவற்றுக்குக் கப்பி என்றே பெயர் வைத்தார்கள். கிணற்றில் வாளி எங்கே ஆடினாலும் கயிறு அதை இழுப்பது ராட்டினத்தை நோக்கித்தான்; கயிற்றின் மறுமுனையை யார் எங்கே நின்று பிடித்திருக்கிறார் என்பது வாளிக்குத் தெரியாது. அதுபோல நேர்த்தசை கண்ணை இழுக்கும் திசையை முடிவுசெய்வது அது தொடங்கும் சின் வளையம் அல்ல, பாதிவழியில் இருக்கும் இந்தக் கப்பி. ஃபலோப்பியோ மேல் சாய்தசைக்குக் கண்டது நேர்த்தசைகளுக்கும் வேறு வடிவில் இருந்திருக்கிறது.

தசையின் எல்லா இழைகளும் கண்ணில் போய் ஒட்டுவதில்லை என்பதும் தெரியவந்தது. ஒவ்வொரு நேர்த்தசையிலும் இரண்டு அடுக்குகள் உண்டு. கோளத்தை ஒட்டிய அடுக்கு தசைநாணாக மாறி விழியில் ஒட்டுகிறது. விழிக்குழிச் சுவரை ஒட்டிய அடுக்கு கப்பியிலேயே முடிந்துவிடுகிறது. தசை சுருங்கும்போது ஓர் அடுக்கு கண்ணைத் திருப்ப, மற்றொன்று கப்பியைப் பின்னுக்கு இழுக்கிறது. இந்த ‘இயங்கும் கப்பி’ கருதுகோளை டெமர் 2000-ல் முன்வைத்தார். கப்பி எதற்காக நகர வேண்டும்? விடை 19-ஆம் நூற்றாண்டின் ஒரு புதிரில் இருந்தது.

அதே கோட்டிங்கனில் பேராசிரியராக இருந்த யோகான் லிஸ்டிங், கண் எப்படி வேண்டுமானாலும் சுழலலாம் என்றாலும் அப்படிச் சுழல்வதில்லை என்று கண்டார். ஒவ்வொரு பார்வைத் திசைக்கும் கண்ணின் உருளல் அளவு நிலையாக இருக்கிறது. சுற்றி வந்தாலும் நேரே வந்தாலும் அதே இடத்தில் அதே சாய்வு. இதற்கு வேண்டியது ஒரு விதி: பார்வை எவ்வளவு கோணம் திரும்புகிறதோ, அதில் சரிபாதி கோணம் சுழல் அச்சும் சாய வேண்டும். இந்தப் பாதிக் கணக்கை மூளை ஒவ்வொரு அசைவுக்கும் போட்டுக்கொண்டிருக்கிறதா என்று நரம்பியலாளர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள்.

கப்பியின் இடம் தெரிந்ததும் ஒரு பள்ளிக்கூடத் தேற்றம் அதற்குப் பதில் சொன்னது. வட்டத்தின் மையத்தில் ஒரு வில் தாங்கும் கோணம், பரிதியில் அதே வில் தாங்கும் கோணத்தைப்போல் இருமடங்கு. கண்ணின் மையத்துக்கு முன்னால் தசை ஒட்டும் இடம் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, பின்னால் கப்பியும் அவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் 30 பாகை மேலே திரும்பினால், கப்பியிலிருந்து பார்க்கையில் ஒட்டுமிடம் 15 பாகைதான் உயர்ந்திருக்கும். இழுவையின் அச்சும் 15 பாகைதான் சாயும். லிஸ்டிங் கேட்ட பாதி இதோ வந்துவிட்டது! தசை சுருங்கி ஒட்டுமிடம் பின்னுக்குப் போகும்போதும் இந்தச் சமத்தொலைவு கெடாமலிருக்க வேண்டும். கப்பி நகர வேண்டியதன் காரணம் அதுவே.

இதை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. கப்பி தசையைப் பிடித்துவைக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட சில உடற்கூற்று அறிஞர்கள்கூட, அது தானாக நகர்கிறது என்பதற்குத் திசுவில் போதிய ஆதாரம் இல்லை என்று மறுத்தார்கள். ஸ்கேனுக்கு வெளியிலிருந்து வலுவான சாட்சி வந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டோரா ஏஞ்சலாக்கியின் ஆய்வகம் குரங்குகளிடம் செய்த சோதனைகளில், கண்தசைகளுக்குப் போகும் நரம்பணுக்கள் அந்தப் பாதிக் கோணக் கணக்கைச் சுமக்கவில்லை என்று 2005-ல் தெரிந்தது. அடுத்த ஆண்டு, காதுப் பக்கத் தசைக்குப் போகும் நரம்பை நேரடியாக மின்சாரத்தால் தூண்டியபோதும் கண் பாதிக் கோண விதிப்படியே திரும்பியது. மூளை இங்கே கணக்குப் போடவில்லை. கணக்கு விழிக்குழியின் அமைப்பிலேயே இருக்கிறது.

இதெல்லாம் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மேலே பார்க்கும்போது ஒரு கோணமும் கீழே பார்க்கும்போது வேறு கோணமும் காட்டும் மாறுகண் ஒரு வகை. நெடுங்காலமாகப் பழியெல்லாம் சாய்தசைகள்மேல் விழுந்து, அவற்றையே வெட்டித் தளர்த்தி வந்தார்கள். 1998-ல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வு, அப்படிப்பட்ட சிலரிடம் சாய்தசைகளில் கோளாறே இல்லை, நேர்த்தசைகளின் கப்பிகள் பிறவியிலேயே இடம் மாறி இருக்கின்றன என்று காட்டியது. மேல் சாய்தசை வாதம் என்று வெளிச்சோதனையில் முடிவுகட்டப்பட்ட பலருக்கு, ஸ்கேனில் அந்தத் தசை வாடாமல் நன்றாகச் சுருங்குவது தெரிந்திருக்கிறது. சுருங்கும் தசை பின்பகுதியில் பருக்கும். நரம்பறுந்த தசை மெலியும், பருக்காது. எம்.ஆர்.ஐ. இதை நேரடியாகக் காட்டுகிறது. பிறவியிலேயே கண் வெளிப்புறம் திரும்பாத டுவான் நோயில், ஆறாம் மூளை நரம்பே இல்லாததை உயிருள்ளவரிடம் காட்டியதும் எம்.ஆர்.ஐ.தான்.

முதியவர்களின் இரட்டைப் பார்வைதான் இதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது. காதுப் பக்கத் தசையின் கப்பியையும் மேல்தசையின் கப்பியையும் ஒரு பட்டை இணைக்கிறது. வயதாக ஆக அந்தப் பட்டை மெலிந்து அறுந்துபோகலாம். அப்போது காதுப் பக்கத் தசை தன் இடத்திலிருந்து கீழே தொங்கிவிடும். வெளிப்புறம் இழுக்கும் வலு குறைந்து, தூரத்தில் வரும் வண்டி இரண்டாகத் தெரியும். கைக்கெட்டும் தூரத்துப் புத்தகம் ஒன்றாகவே தெரியும். சிலருக்கு ஒரு பிம்பம் மேலேயும் இன்னொன்று கீழேயுமாகப் பிரியும். இமை தளர்ந்து, மேலிமைக்கும் புருவத்துக்கும் நடுவே ஆழமாகக் குழி விழுந்திருக்கும். இதற்குத் தொங்குகண் நோய்க்குறி என்று பெயரிட்டு டெமர் குழு 2013-ல் விரிவாக எழுதியது. அதே மருத்துவமனை 2020-ல் வெளியிட்ட கணக்கில், இரட்டைப் பார்வையோடு வந்த 40 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இதுவே காரணம். இவர்களில் பலர் முன்னாளில் நரம்பு வாதமோ மூளைக் கோளாறோ என்ற அச்சத்தோடு பரிசோதனைகளுக்கு அலைந்திருப்பார்கள். தேவைப்பட்டதோ முப்பட்டகம் வைத்த கண்ணாடி, அல்லது ஒரு சிறிய அறுவை சிகிச்சை.

மிகக் கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களிடம் இதே பட்டை வேறு விதமாகக் கெடுகிறது. நீண்டுபோன விழிக்கோளம் மேல்தசைக்கும் காதுப் பக்கத் தசைக்கும் இடையே பிதுங்கி, கண் உள்ளேயும் கீழேயும் இழுபட்டு நிற்கும். முன்பு ஒட்டுமிடங்களை மட்டும் மாற்றித் தைத்துப் பயனின்றி விட்ட நோய் இது. ஸ்கேனில் காரணம் தெரிந்த பிறகு, ஜப்பானிய மருத்துவர் யோகோயாமா அந்த இரண்டு தசைகளின் நடுவயிற்றையும் சேர்த்துக் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். பிதுங்கிய கோளம் உள்ளே போகிறது, கண் நேராகிறது.

சி.டி.யின் காலம் முடிந்துவிடவில்லை. விளையாட்டில் கண்ணில் அடிபட்ட சிறுவருக்கு விழிக்குழியின் மெல்லிய தரை எலும்பு கதவுபோல் திறந்து மூடி, கீழ்த்தசையைக் கவ்விக்கொள்வது உண்டு. கண் சிவந்திருக்காது, வீக்கமும் இருக்காது. குழந்தை வாந்தி எடுக்கும், நாடி தளரும். தலையில் அடி என்று நினைத்துவிடுவார்கள். கண்ணை மேலே உயர்த்த முடியவில்லை என்றால் உடனே சி.டி. எடுத்து, தாமதமின்றித் தசையை விடுவிக்க வேண்டும்.

முதலில் சொன்ன அந்த நான்கு எண்களை இப்போது கத்தியின்றியே அளக்கலாம். கண்ணின் முன்பகுதியை ஒளியால் வருடிப் படமெடுக்கும் ஓ.சி.டி. கருவி, தசைநாண் வெள்ளைச் சுவரில் ஒட்டும் இடத்தைச் சில நொடிகளில் காட்டிவிடும். ஏற்கெனவே ஒருமுறை மாறுகண் அறுவை செய்தவருக்கு மறுபடி செய்ய வேண்டிவரும்போது இது பெரிதும் உதவும். முன்பு எந்தத் தசையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தினார்கள் என்ற குறிப்பு பல வீடுகளில் இருப்பதில்லை.

ஆகவே, சிறுவயதில் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ மாறுகண் அறுவை நடந்திருந்தால் அந்த அறுவைக் குறிப்பை மருத்துவமனையில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வீட்டுப் பெரியவர் யாராவது ‘தூரத்தில் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது’ என்று சொன்னால், வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட வேண்டாம். ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் இரண்டு ஒன்றாகிவிடுகிறது என்றால், இரு கண்களும் ஒரே திசையில் நிற்கவில்லை என்று பொருள். அது திடீரென்று வந்திருந்தால், பக்கவாதமாகவும் இருக்கக்கூடும் என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மெல்ல மெல்ல வந்திருந்தால் மாறுகண் சிகிச்சை தெரிந்த கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பலருக்கு அது சரிசெய்யக்கூடியதே.